வானவில்லில் இல்லாத வாடாமல்லி

எனக்கு ஒன்பது வயது இருக்கும். தைப்பூசக் காவடி முடிந்து இரண்டு நாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, "காவடியன்று கண்ணில் நின்றதை வரையுங்கள்" என்றார். என் கண்ணில் நின்றது அம்மாவின் புடவை நிறம். அந்த வருடம் அம்மா பால்குடம் எடுத்திருந்தார். மொரிஷியஸின் கிழக்கே, ஃபிளாக் மாவட்டத்தில் எங்கள் கிராமம். ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை போகிற பாதைக்கு இரண்டு பக்கமும் கரும்பு. அந்தப் பச்சைக்கு நடுவே அம்மாவும் சித்திகளும் தெருப்பெண்களும் வாடாமல்லி நிறத்தில் வரிசையாக நடந்து வந்தது, இன்று கண்ணை மூடினாலும் அப்படியே தெரிகிறது.

வண்ணப் பெட்டியில் ஆறு கட்டிகள்தான்: வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சுவரில் தொங்கிய அட்டையில் சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். சேர்த்தேன். நாவற்பழம் நசுங்கிய மாதிரி ஒரு கறுப்பு வந்தது. வெள்ளை கலந்தேன், சாம்பல் பூத்தது. சிவப்பைக் கூட்டினேன், செங்கல் ஆனது. மணி அடிக்கும்வரை கலந்துகொண்டே இருந்தேன். அம்மா என் படத்தில் பழுப்புப் புடவையோடு நின்றார். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் காட்டி அழுதேன். "சிவப்பையும் நீலத்தையும் போட்டா இருட்டுதாண்டி கண்ணு வரும். வாடாமல்லி வேற சாதி" என்றார் பாட்டி. அவர் சாயம் காய்ச்சியவர் இல்லை, கரும்புக்காட்டில் வேலை செய்தவர். ஆனால் சொன்னது சரி. ஏன் சரி என்று எனக்குத் தெரிய இன்னும் பதின்மூன்று வருடம் ஆனது.

இருபத்திரண்டு வயதில் ஒரு பின்னலாடை ஆலையின் சாய ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு இந்தத் தீவில் தையல் ஆலைகள் பெருகின. எங்கள் வீட்டுப் பெண்கள் பலருக்குக் கரும்புக்காட்டுக்கு வெளியே கிடைத்த முதல் சம்பளம் அங்கேதான். ஆய்வகத்தில் எங்கள் வேலை, வெளிநாட்டிலிருந்து வரும் கைக்குட்டை அளவுத் துணித்துண்டைப் பார்த்து அதே நிறத்தைப் பருத்தியில் கொண்டுவருவது. லாப் டிப் என்போம். பேச்சு கிரியோலில்தான் நடக்கும். வீட்டுத் தமிழில் சொன்னால், 'சிவப்படிக்கிறது', 'ஆழம் போதாது', 'மங்கல்' என்ற மூன்று புகார்களுக்குள் எல்லா நிறச்சண்டையும் அடங்கிவிடும். ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905-இல் நிறத்துக்கு மூன்று அளவுகள் வகுத்தார்: எந்த நிறம், எவ்வளவு வெளிர் அல்லது அடர், எவ்வளவு செறிவு. எங்கள் மூன்று புகார்களும் அவருடைய மூன்று அளவுகளும் ஒன்றே என்று தெரிந்தபோது, கோட்பாடு என்பது எங்கோ உயரத்தில் இருப்பது என்ற பயம் எனக்குப் போனது.

ஒருநாள் வந்த துண்டு அச்சு அசல் வாடாமல்லி. வழக்கமான மஞ்சள், சிவப்பு, கருநீலச் சாயங்களை எடுத்து நான் அளக்கத் தொடங்கினேன். ஆய்வகத் தலைவர் என் கையைத் தடுத்தார். "இந்த மூன்றில் அது வராது. சிவப்பில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. அது உள்ளே இருக்கிறவரை இது பிரகாசிக்காது." வேறொரு டப்பாவைத் திறந்து, குளிர்ந்த, நீலம் தோய்ந்த ஒரு சிவப்புச் சாயத்தை எடுத்துக் கொடுத்தார். அடுப்பிலிருந்து எடுத்த துணி அம்மாவின் புடவையாக இருந்தது. ஆய்வகத்தில் நின்றபடியே கண் கலங்கிவிட்டது.

விஷயம் இதுதான். சாயமும் வண்ணமும் வெளிச்சத்தைக் கொடுப்பதில்லை, விழுங்குகின்றன. வெயிலில் எல்லா நிறமும் இருக்கிறது. குங்குமச் சிவப்பு அதில் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிச் சிவப்பை மட்டும் விடுகிறது. நீலக் கட்டி சிவப்பை விழுங்கும், பச்சையிலும் பெரும்பகுதியை விழுங்கும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் விட்டால் ஒன்று விட்டதை மற்றது தின்றுவிடும், மிச்சம் இருட்டு. வாடாமல்லிக்கு வேண்டியது வேறு: பச்சையை மட்டும் விழுங்கிவிட்டு, சிவப்பையும் நீலத்தையும் தொடாமல் விட வேண்டும். அச்சகத்தில் மெஜந்தா என்று சொல்கிற மை இந்த வேலையைத்தான் செய்கிறது. சிவப்பை மட்டும் விழுங்குவது சயான், நீலத்தை மட்டும் விழுங்குவது மஞ்சள். இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டால் சிவப்பைக்கூட நாமே செய்யலாம்: மெஜந்தாவில் மஞ்சள் கலந்தால் சிவப்பு. பள்ளிக்கூட அட்டையில் மூல நிறம் என்று எழுதியிருந்த சிவப்பு உண்மையில் ஒரு கலவை.

கைப்பேசித் திரையில் கணக்கு தலைகீழ். அங்கே வெளிச்சத்தை விழுங்குவதில்லை, கூட்டுகிறோம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுதாக எரிந்தால் வெள்ளை. பச்சையை மட்டும் அணைத்தால் வாடாமல்லி. திரையில் அழகாக இருந்த காவடி அழைப்பிதழ் அச்சாகி வரும்போது மங்கிப்போகிறது என்று வருடாவருடம் யாராவது என்னிடம் கொண்டுவருவார்கள். அச்சகத்தின் தவறு அல்ல அது. எரிகிற விளக்கின் செறிவை, வெளிச்சத்தைத் தின்கிற மையால் முழுதாக எட்ட முடியாது. அழைப்பிதழின் நிறத்தைத் திரையில் முடிவு செய்யாமல் ஒரு தாளில் அடித்துப் பார்த்து முடிவு செய்தால் இந்த வருத்தம் இருக்காது.

அதைவிட வியப்பான ஒன்றைப் பிறகு தெரிந்துகொண்டேன். வாடாமல்லி வானவில்லில் இல்லை. எங்கள் தீவின் கியூர்பிப் ஊர்ப் பக்கம் மழைக்குப் பஞ்சமில்லை, வானவில்லுக்கும் இல்லை. அடுத்த முறை தெரிந்தால் நிதானமாகப் பாருங்கள். சிவப்பில் தொடங்கி, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று போய் ஊதாவில் முடிந்துவிடும். நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் அந்த நேர்க்கோட்டை வளைத்து இரண்டு முனைகளையும் சேர்த்து வட்டமாக்கினார். ஏழு நிறம் என்ற எண்ணிக்கைகூட ஏழு சுரங்களின் இடைவெளிகளோடு பொருத்திப் பார்த்து அவர் வகுத்துக்கொண்டது. அந்தச் சிவப்பு முனையும் ஊதா முனையும் கைகோக்கும் இடத்தில், இயற்கையின் கோட்டில் இல்லாத ஒரு பாலம் விழுகிறது. வாடாமல்லி அந்தப் பாலத்தில் இருக்கிறது. அதற்கென்று தனி அலைநீளம் கிடையாது. நம் கண்ணின் பின்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உண்டு. நீண்ட அலையைப் பிடிப்பதும் குறுகிய அலையைப் பிடிப்பதும் ஒன்றாகத் துள்ளி, நடுவில் உள்ளது மட்டும் பேசாமல் இருந்தால், மூளை அந்த நிலைக்கு ஒரு நிறம் வைக்கிறது. அந்த நிறத்தை உடுத்திக்கொண்டுதான் நாங்கள் முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறோம்.

நடுவில் உள்ள செல் எதற்குத் துள்ளும்? பச்சைக்கு. வாடாமல்லிக்கு நேர் எதிரே வண்ணச் சக்கரத்தில் நிற்பதும் பச்சைதான். ஜனவரி, பிப்ரவரியில் எங்கள் தீவில் கரும்பு வளர்ந்து தோகை விரித்து நிற்கும்; வெட்டு ஜூனில்தான் தொடங்கும். புடவை விழுங்குகிற வெளிச்சத்தைத்தான் கரும்புத்தோகை திருப்பிக் கொடுக்கிறது. தோகை விழுங்குவதைப் புடவை கொடுக்கிறது. ஒன்றின் பசி மற்றதன் கொடை. ஒன்பது வயதுக் கண்ணில் அந்த ஊர்வலம் ஏன் அப்படி எரிந்தது என்பதற்குப் பதில் இது. அதே ஊர்வலத்தைத் தலைநகர் போர்ட் லூயிஸின் தார்ச்சாலையில் பார்த்தால் பக்தி குறையாது, ஆனால் நிறம் அவ்வளவு எரியாது.

எதிர்நிறத்தைக் கண்டுபிடிக்கச் சக்கரமோ புத்தகமோ தேவையில்லை. கோயில் மாலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் முதலில் செய்து காட்டுவது இதுதான். ஒரு வாடாமல்லித் துணித்துண்டை வெளிச்சத்தில் வைத்து, முப்பது எண்ணும்வரை கண் அசையாமல் பார்க்கச் சொல்வேன். பிறகு சட்டென்று வெள்ளைச் சுவரைப் பார்க்க வேண்டும். சுவரில் இளம்பச்சையாய் ஒரு நிழல் மிதக்கும். பிள்ளைகள் கத்துவார்கள். துள்ளித் துள்ளிக் களைத்த செல்கள் ஓய்வெடுக்க, சும்மா இருந்தது முன்னே வருகிறது. அவரவர் கண்ணே அவரவருக்குச் சக்கரம்.

பள்ளிக்கூடச் சக்கரத்தில் சிவப்புக்கு எதிர் பச்சை என்று போட்டிருக்கும். கண் காட்டும் கணக்கில் சிவப்புக்கு எதிர் நீலப்பச்சை, பச்சைக்கு எதிர் வாடாமல்லி. பழைய சக்கரம் கிண்ணத்தில் வண்ணம் கலந்தவர்களின் அனுபவத்தில் பிறந்தது. அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அதில் நூற்றாண்டுகளின் கைப்பழக்கம் இருக்கிறது. ஆனால் அடுத்தடுத்து வைக்கப்போகும் நிறங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கண் சொல்வதைத்தான் கேட்பேன்.

எதிர்நிறங்களுக்கு இரண்டு குணம். பக்கத்தில் உட்கார வைத்தால் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். கலந்தால் ஒன்றை ஒன்று அணைத்துவிடும். விசேஷ நாளில் எங்கள் வீடுகளில் ஏழு கறி வாழையிலையில் பரிமாறுவோம். பூசணிக்காயும் ரசத்தின் சிவப்பும் ஊறுகாயும் இலையில் விழுந்தவுடன் பளிச்சென்று ஆவதைக் கவனியுங்கள். அதே பூசணியை வெள்ளைத் தட்டில் போட்டால் நிறம் படுத்துவிடும். இலை சூட்டில் வதங்கி மணக்கிறது, சோறு ருசிக்கிறது என்பார்கள். கண்ணும் அங்கே சாப்பிடுகிறது.

அணைப்பதற்கு உதாரணம் பாட்டியின் நீலக்கட்டி. வெள்ளை வேட்டி துவைக்கத் துவைக்க மஞ்சளடிக்கும். கடைசி அலசலில் பாட்டி ஒரு துளி நீலம் போடுவார். அந்த நீலம் அல்ட்ரமரீன். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கல்லை அரைத்துத் தங்கத்தின் விலைக்கு விற்றது. 1820-களின் கடைசியில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யக் கற்றபின் துணி துவைக்கிறவர் கைக்கும் வந்து சேர்ந்தது. அது அழுக்கை எடுப்பதில்லை. மஞ்சளுக்கு எதிரே நின்று மஞ்சளை அணைக்கிறது. துணி உண்மையில் இம்மியளவு இருண்டுதான் போகிறது. ஆனால் சாயல் நீங்கியதால் வெளுத்ததாகக் கண் எடுத்துக்கொள்கிறது. படம் போடும்போதும் இதே வித்தைதான். வாடாமல்லிப் புடவையின் மடிப்பில் நிழல் வேண்டுமென்றால் கறுப்பைத் தொடாதீர்கள், நிறம் செத்துப்போகும். ஒரு துளி அடர்பச்சை விடுங்கள். நிழல் விழும், புடவை உயிரோடு இருக்கும்.

அக்கம்பக்கத்தால் நிறம் மாறுவதை ஒரு சாயக்காரர்தான் முதலில் முறையாக எழுதினார் என்பது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824-இல் பாரிஸின் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். கறுப்பு நூலில் பலமில்லை, வெளிறித் தெரிகிறது என்று நெசவாளர்கள் புகார் சொன்னார்கள். வேதியியலாளர் என்ன செய்வார்? சாயத்தைச் சோதித்தார். வேறு பட்டறைகளின் கறுப்பு நூலை வாங்கி ஒப்பிட்டார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்திருந்தார்கள். நீலம் தன் எதிர்நிறத்தைக் கறுப்பின் மேல் படரவிட்டது. அந்தச் சாயலில் கறுப்பு கலங்கித் தெரிந்தது. தொட்டியில் தேடிய குறை பார்ப்பவர் கண்ணில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பல வருடம் சோதித்து 1839-இல் பெரிய நூலாக வெளியிட்டார். 102 வயது வரை வாழ்ந்தவர். புள்ளிப்புள்ளியாக வண்ணம் வைத்த பிரெஞ்சு ஓவியர்கள் அவர் எழுத்திலிருந்தும் கற்றார்கள். நம்மூர் மயில்கழுத்துப் பட்டு அதை நூலில் செய்கிறது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கலப்பது கண்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் எனக்கும் ஒரு புகார் வந்தது. காலர் வைத்த டி-சட்டை. உடம்புத் துணி ஒரு தொட்டியில் சாயம் ஏறியது, காலர் பட்டி வேறு தொட்டியில், வேறு சாயக்கூட்டில். பகல் வெளிச்சத்தைப் போன்ற டி65 விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன், ஒன்றாக இருந்தது. நிற வித்தியாசத்தை அளக்கும் கருவியும் டெல்டா ஈ 1-க்குள், அதாவது கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாத அளவு என்றது. கையெழுத்துப் போட்டேன். சரக்கு கடைக்குப் போய், குழல் விளக்கின் கீழே தொங்கியபோது காலர் மட்டும் சிவப்படித்தது. இரண்டு துணிகளும் வெவ்வேறு சாயங்களால் ஒரே நிறத்துக்கு வந்தவை. வெளிச்சம் மாறியதும் பிரிந்துவிட்டன. கடை விளக்கான டிஎல்84-இன் கீழும் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் தவறு. அன்று முதல் எந்த நிறத்தைப் பற்றிக் கேட்டாலும், "எந்த வெளிச்சத்தில்?" என்று திருப்பிக் கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை.

பதினோரு வருடம் கழித்து ஆலையை விட்டேன். இப்போது கோயில் சுவரொட்டி, கல்யாணப் பத்திரிகை, கடைப்பலகை என்று வரைகலை வேலை. நிறத்தைப் பற்றி என்னிடம் வருகிறவர்கள் 'எந்த நிறத்துக்கு எந்த நிறம் பொருந்தும்' என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அதை அல்ல, வெளிர், அடர். நிறப்பொருத்தம் சுமாராக இருந்தாலும் வெளிர்-அடர் சரியாக இருந்தால் பலகை படிக்கக் கிடைக்கும். அது தவறினால் எந்தப் பொருத்தமும் காப்பாற்றாது.

எங்கள் நாட்டுக் கொடியை ஒருமுறை கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். 1968 மார்ச் 12 முதல் பறக்கிற நான்கு பட்டை: மேலிருந்து சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. நிறத்தை எடுத்துவிட்டால் நீலம் கறுப்பாகும், மஞ்சள் வெள்ளைக்கு அருகே போகும், சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். ஆனால் அந்த இரண்டும் ஒன்றை ஒன்று தொடவில்லை; ஒன்று மேலே, ஒன்று கீழே. தொட்டுக்கொண்டிருக்கிற ஜோடி ஒவ்வொன்றிலும் ஒன்று அடர், மற்றது வெளிர். தூரத்தில், மழையில், மாலையில்கூட நான்கு பட்டையும் பிரிந்து தெரிவது இதனால்.

சுவரொட்டியில் நடக்கிற பெரிய தப்பு இங்கேதான். பண்டிகை என்றால் பச்சைத் தரையில் சிவப்பு எழுத்து என்று ஒரு பழக்கம். நல்ல இலைப்பச்சையில் நல்ல சிவப்பை வைத்தால் இரண்டின் ஒளிர்வும் ஏறக்குறைய சமம். இணையதளங்களுக்கான அணுகல் விதியில் சாதாரண அளவு எழுத்துக்கும் தரைக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். திரையில் வழக்கமாக எடுக்கும் அடர்பச்சையில் தூய சிவப்பை வைத்துக் கணக்குப் போட்டேன்: 1.3-க்கு 1 கூட வரவில்லை. எழுத்தின் ஓரம் நடுங்கும். வயதானவர்களுக்குக் கண் வலிக்கும். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு அங்கே எழுத்தே இருக்காது. அரக்கு நிறத்தில் மஞ்சள் எழுத்து வையுங்கள். விகிதம் 10-க்கு 1. அதே மங்கலம், அதே பண்டிகை, பாட்டியும் படிப்பார். மஞ்சளும் அரக்கும் நம் பட்டுப்புடவைக் கரையில் எப்போதோ சேர்ந்துவிட்ட ஜோடி, யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கணக்குப் போட நேரமில்லையா, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். இமை இறங்கும்போது நிறம் மங்கி வெளிர்-அடர் மட்டும் மிஞ்சும். ஓவியர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான்.

நீலம் அமைதி தரும், சிவப்பு கோபம் மூட்டும் என்கிற வகைப் பட்டியல்களை நான் நம்புவதில்லை. எங்களுக்குச் சிவப்பு குங்குமம். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் கல்யாணத்தில் மணப்பெண் உடுத்தும் வெள்ளையை எங்கள் அம்மாவின் தலைமுறை வேறு நாளுக்கு உடுத்தியது. ஒரே தெருவில் இரண்டு அர்த்தம் இருக்கும்போது ஒற்றைப் பட்டியல் எதற்கு உதவும்?

ஷமரெல் ஏழு நிற மண்ணுக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போனேன். எரிமலைப் பாறை சிதைந்து, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கி உண்டான மண்மேடுகள் அவை. சிவப்பு, காவி, ஊதா, நீலம் என்று வரிவரியாகக் கிடக்கும். அட்டையில் சிறு துளை போட்டு, அதன் வழியே நீல வரியை மட்டும் பார்க்கச் சொன்னேன். துளைக்குள் தெரிந்தது ஊதா கலந்த சாம்பல். அட்டையை எடுத்ததும் மறுபடி நீலம். சுற்றிலும் இருந்த காவிதான் சாம்பலை நீலமாக்கிக்கொண்டிருந்தது. ஒரு சிறுமி, "அப்போ மண்ணு பொய் சொல்லுதா டீச்சர்?" என்றாள். இல்லை என்றேன். அது நீலமாகத் தெரிவதும் உண்மை, சாம்பலாகத் தெரிவதும் உண்மை. கடையில் நீலம் வாங்கி அந்த வரியைத் தீட்டினால் மட்டும் படம் பொய்யாகிவிடும். அன்று அவள் சாம்பல் வைத்துத்தான் வரைந்தாள், மேடு அப்படியே வந்தது.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓவிய நூல்கள் எல்லாம் வடக்கு ஜன்னல் வேண்டும் என்று சொல்லும். எழுதியவர்கள் பூமியின் வடபாதிக்காரர்கள். அங்கே வடக்கு ஜன்னலில் நேர்வெயில் நுழையாது, வெளிச்சம் நாள் முழுக்க நிதானமாக இருக்கும். நாம் இருப்பது தெற்கே 20 பாகையில். இங்கே வருடத்தின் பெரும்பகுதி சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. வடக்கு ஜன்னல் வைத்தால் வெயில் மேசைக்கே வரும். நமக்குத் தெற்கு ஜன்னல். நவம்பர் கடைசி முதல் ஜனவரி மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்குச் சற்றுத் தெற்கே போகும், அப்போது மட்டும் ஒரு மெல்லிய திரை போட்டுக்கொள்கிறேன். புத்தகத்தில் படித்ததை அப்படியே நம்பி இரண்டு வருடம் வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, மதியத்துக்கு மேல் வேலை செய்ய முடியாமல் தவித்திருக்கிறேன்.

இந்த வெயில் நிறத்தைத் தின்னவும் செய்யும். போர்ட் லூயிஸில் ப்ளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847-இல் அச்சான இரண்டு தபால் தலைகள் இருக்கின்றன, ஒன்று ஆரஞ்சு கலந்த சிவப்பு, மற்றது அடர்நீலம். மூலத் தலைகளுக்குக் கொஞ்ச நேரம் மட்டுமே விளக்குப் போடுவார்கள். மற்ற நேரம் பார்ப்பது நகல். அவ்வளவு பத்திரப்படுத்துவதால்தான் அந்த ஜோடி இன்னும் ஜோடியாக இருக்கிறது. பாதையோரம் ஒட்டிய காவடிச் சுவரொட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சில மாதம் போனதும் படம் முழுக்க நீலமாகிவிடும். வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போகும், சயான் கடைசிவரை நிற்கும். முருகன் நீலமாகிறார், பால்குடம் எடுத்த பெண்கள் நீலமாகிறார்கள். ஒவ்வொரு வருடமும் எனக்கு முதலில் தொலைந்துபோவது வாடாமல்லிதான்.

இப்போது எங்கள் கோயிலில் அம்மன் மண்டபத்துக்கு மறுபடி வண்ணம் அடிக்கப்போகிறோம். போன முறை நிர்வாகத்தில் இருந்தவர்கள் அம்மன் பட்டுக்கு இனமாக இருக்கட்டும் என்று, விரல் அளவு அட்டையைப் பார்த்து ஒரு ரோஸ் நிறம் எடுத்தார்கள். அட்டையில் இளசாக இருந்தது. நான்கு சுவரில் ஏறியதும் சுவருக்குச் சுவர் வெளிச்சத்தைத் தட்டிவிட்டு, மண்டபமே கொதித்தது. பெரிய பரப்பில் எந்த நிறமும் அட்டையில் இருந்ததைவிடச் செறிந்துதான் தெரியும். அதைவிட வருத்தம், அம்மனின் வாடாமல்லிப் பட்டு அந்தச் சுவரில் கரைந்துவிட்டது. ஆறு வருடமாக அப்படியே இருக்கிறது.

இந்த முறை என்னிடம் கேட்டார்கள். சாம்பல் கலந்த இளம்பச்சையில் இரண்டு, சந்தன வெள்ளை ஒன்று என்று மூன்று நிறத்தை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் சுவரிலேயே அடித்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கும் நடுப்பகலிலும் பார்த்தாகிவிட்டது. இரண்டு வேளையும் முதல் பச்சைக்கு முன்னால் பட்டு எழுந்து நின்றது. ஆனால் எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. அதன் கீழே வாடாமல்லி சிவப்படிக்கும், பச்சையும் மஞ்சள் பக்கம் சாயும். அம்மனைப் பெரும்பாலோர் பார்ப்பது அந்த நேரத்தில்தான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூசாரி ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். சாயங்கால ஆரத்திக்கு முன்னால் மின்விளக்கை அணைத்துவிட்டு, குத்துவிளக்கை மட்டும் ஏற்றிவைத்து, அம்மனின் பட்டுப்புடவையை மூன்று சதுரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டப்போகிறேன். அம்மாவும் வருகிறார்.